வீட்டில் கட்டிய கம்ப்ரஸரில் ஹம்: எங்கிருந்து வருகிறது, எப்படி அடக்குவது

ஆடியோ பெட்டிகளைச் சொந்தமாகக் கட்டுகிறவர்களில் கம்ப்ரஸர் கட்டுகிறவருக்குத்தான் ஹம், அதாவது கரண்டிலிருந்து ஏறும் உறுமல், பெரிய தொல்லை, ஏனென்றால் அந்தப் பெட்டி செய்கிற வேலையே அப்படி. மைக் சிக்னலை ஏற்றும் ஒரு பிரீஆம்ப்பில் பின்னணியில் லேசாக 'ம்ம்ம்' இருந்தால் பாட்டு ஓடும்போது அது அடியில் அமுங்கிவிடும், யார் காதிலும் விழாது. கம்ப்ரஸர் என்ன செய்கிறது? உரத்த இடத்தை 10 டெசிபெல் அழுத்துகிறது, நாம் அவுட்புட் குமிழைத் திருகி அந்த 10 டெசிபெலை மொத்தமாக ஏற்றிவிடுகிறோம். பாடுகிறவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் அழுத்தம் விலகிவிடும், ஆனால் நாம் ஏற்றியது ஏற்றியபடியே நிற்கும். அடியில் கிடந்த ஹம், இரைச்சல், எல்லாம் 10 டெசிபெல் மேலே வந்து நிற்கும். ரிலீஸை (அழுத்தம் விலக எடுக்கும் நேரத்தை) வேகமாக வைத்திருந்தால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் அது பொங்கிப் பொங்கி அடங்கும்.

எனக்கு இந்தப் பெட்டி தேவைப்பட்டது கூத்துப் பாட்டைப் பதிவு செய்ய. சேலம், தருமபுரிப் பக்கத்துக் கூத்தை நேரில் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒரே ஆள் ஒரே விருத்தத்தில் அடிக்குரலில் ஆரம்பித்து உச்சத்துக்குப் போய்விடுவார், பக்கத்தில் முகவீணை என்ற ஊதுகருவி வேறு காதைத் துளைக்கும். விடிய விடியப் பாடிப் பழகிய குரல்கள். "கொஞ்சம் அடக்கிப் பாடுங்கய்யா" என்று அவர்களிடம் சொல்வது எனக்குப் பிடிக்காது, சொல்லவும் கூடாது. அவர் பாடுகிறபடி பாடட்டும், இன்டர்ஃபேஸ் (சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டி) கிளிப் ஆகாமல், அதாவது உச்சம் வெட்டுப்பட்டுச் சிதையாமல், பிடிக்க வேண்டியது நம் வேலை. அதற்கு வேகமான கம்ப்ரஸர் ஒன்று நடுவில் வேண்டும், அதனால்தான் 1176 என்ற ஸ்டூடியோ கம்ப்ரஸரின் வகை. 1967இல் பில் புட்னம் கொண்டுவந்த வடிவமைப்பு, அட்டாக், அதாவது அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரம், 20 மைக்ரோ செகண்டிலிருந்து 800 மைக்ரோ செகண்ட் வரை. அதை இன்று உலகம் முழுக்க வீட்டில் கட்டுகிறார்கள். புட்னமின் கம்பெனியே பின்னால் வந்த திருத்தத்துக்கு 'லோ நாய்ஸ்' என்று பெயர் வைத்து 1176எல்என் என விற்றது. இரைச்சல் அவர்களுக்கும் பிரச்சினையாகத்தான் இருந்திருக்கிறது.

ஏன் இந்தச் சர்க்யூட் ஹம்முக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இதில் அழுத்துகிற வேலையைச் செய்வது ஒரே ஒரு எஃப்இடி, ஒரு வகை டிரான்சிஸ்டர். சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் அது ஒரு ரெசிஸ்டர் போல நிற்கும், 'கேட்' என்ற அதன் காலில் கொடுக்கிற வோல்டேஜுக்குத் தகுந்தபடி அதன் மதிப்பு மாறும், சிக்னல் அதற்கேற்பக் குறையும். ஆனால் எஃப்இடி ஒழுங்கான ரெசிஸ்டராக நடந்துகொள்வது அதன் மேல் சில பத்து மில்லிவோல்ட் இருக்கும் வரைதான், அதற்கு மேல் போனால் சத்தம் சிதையும். அதனால் உள்ளே வரும் சிக்னலை முதலில் நன்றாக இறக்கி, எஃப்இடியைத் தாண்டியதும் திரும்ப 40 டெசிபெலுக்கு மேல் ஏற்றுகிறார்கள். 40 டெசிபெல் என்றால் 100 மடங்கு. எஃப்இடி இருக்கும் புள்ளியில் 10 மைக்ரோவோல்ட் ஹம் ஒட்டிக்கொண்டால் அவுட்புட்டில் அது 1 மில்லிவோல்ட். ஸ்டூடியோ லெவலான 1.23 வோல்டுக்கு அது 62 டெசிபெல் கீழேதான். ஹெட்போனில் பளிச்சென்று கேட்கும். ஆகவே இந்தப் பெட்டியில் நாம் விரட்டுவது மில்லிவோல்டை அல்ல, மைக்ரோவோல்டை. இந்த அளவு மனதில் இருந்தால்தான் கீழே சொல்லப்போகும் எண்கள் எவ்வளவு பெரியவை என்று புரியும்.

சரி, பெட்டி உறுமுகிறது. முதலில் எதைக் கழற்றுவது? எதையும் கழற்ற வேண்டாம், காது கொடுத்துக் கேளுங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். வயிற்றில் இருந்து வருகிற மாதிரி மழுங்கலாக 'ம்ம்ம்' என்று இருந்தால் அது 50. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் எதிலோ ஏறுகிறது, அல்லது இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் கிரவுண்ட் லூப் (கிரவுண்ட் ஒயர்கள் வளையமாகி அதில் கரண்ட் ஓடுவது). கொஞ்சம் கூர்மையாக, 'ஜ்ஜ்ர்' என்று கரகரப்போடு வந்தால் அது 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும், அது ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் குழந்தை. காதில் சந்தேகம் இருந்தால் லேப்டாப்பில் ரெக்கார்டு செய்து ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரம் போட்டுப் பாருங்கள், 50இல் கம்பம் உயரமா 100இல் உயரமா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அளக்கும்போது லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சார்ஜரைப் பிடுங்கியதுமே ஹம் போய்விட்டால் அது உங்கள் கம்ப்ரஸருக்குள் பிறந்தது இல்லை.

அடுத்து குமிழ்கள். இன்புட் குமிழைக் குறைத்தால் ஹம்மும் சேர்ந்து குறைகிறதா? அப்படியானால் அது குமிழுக்கு முன்னாலேயே வந்துவிட்டது, கேபிளையும் இன்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் பாருங்கள். இன்புட்டை முழுக்க மூடியும் அப்படியே இருந்து, அவுட்புட் குமிழுக்கு மட்டும் அசைகிறதா? எஃப்இடி பக்கம். இரண்டையும் மூடிய பிறகும் கேட்கிறதா? கடைசி ஸ்டேஜ், பவர் சப்ளை, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். இவ்வளவு எளிமையான சோதனையைச் செய்யாமல் நேரே கெப்பாசிட்டரை மாற்றத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது, நல்ல போர்டின் காப்பர் தடம் பிய்ந்துபோவதுதான் மிச்சம்.

இப்போது முக்கியமான விஷயம். 'ஜ்ஜ்ர்' ரகத்துக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பெரிதாக்குவது. அதில் கணக்கு இருக்கிறது: 100 மில்லி ஆம்பியர் எடுக்கிற சர்க்யூட்டுக்கு 1000 மைக்ரோஃபாரட் போட்டால், 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறைதான் அது நிரம்புவதால், ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) ஏறக்குறைய 1 வோல்ட். 2200 போட்டால் அரை வோல்டுக்கும் கீழே. அதன் பிறகு வோல்டேஜை நிலையாகப் பிடிக்கும் எல்எம்317 ரெகுலேட்டர் ஒன்று நின்றால், அதன் அட்ஜஸ்ட் காலில் 10 மைக்ரோஃபாரட் சேர்த்தால், டேட்டாஷீட் கணக்குப்படி 80 டெசிபெல் வரை ரிப்பிள் அமுங்கும், ஒரு வோல்ட் என்பது 0.1 மில்லிவோல்ட் ஆகிவிடும். அந்த 10 மைக்ரோஃபாரட் இல்லையென்றால் 65 டெசிபெல்தான். ஒரு சின்ன கெப்பாசிட்டருக்கு இவ்வளவு பலன் வேறெங்கும் கிடைக்காது, தவறாமல் போடுங்கள்.

ஆனால் இத்தனையும் செய்த பெட்டியும் உறுமும். காரணம் ரிப்பிள் வோல்டேஜ் இல்லை, சார்ஜ் ஆகும் கரண்ட். கெப்பாசிட்டர் சீராக நிரம்புவதில்லை. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் உச்சிக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு மில்லி செகண்ட் மட்டும் டயோடு திறக்கிறது, அதற்குள் மொத்தத்தையும் இழுத்துக்கொள்ள வேண்டும். சராசரி 100 மில்லி ஆம்பியர்தான், ஆனால் அந்த நொடியில் பாய்வது 1 ஆம்பியர் அளவுக்குப் போகும். கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் இந்தக் குத்து இன்னும் கூர்மையாகும்! இந்த ஒரு ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப் என்ற நடு முனைக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவில் ஒரு ஒயரில் ஓடுகிறது. பத்து சென்டிமீட்டர் நீளம், 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் ரெசிஸ்டன்ஸ் 8, 9 மில்லி ஓம். மல்டிமீட்டர் அதைப் பூஜ்யம் என்றே காட்டும். ஆனால் 1 ஆம்பியர் ஓடும்போது அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவில் 8, 9 மில்லிவோல்ட். நமக்கு வேண்டியது 10 மைக்ரோவோல்டுக்கும் கீழே. கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு!

ஆடியோ போர்டின் கிரவுண்டை அந்தப் பத்து சென்டிமீட்டரின் தப்பான முனையில் சாலிடர் செய்தால் போதும், அந்த 8 மில்லிவோல்ட் முழுவதும் சிக்னலோடு வரிசையில் நின்றுவிடும். ஒயரைத் தடிமனாக்கினால் தீருமா என்றால், 1 சதுர மில்லிமீட்டர் போட்டாலும் 1.7 மில்லிவோல்ட் நிற்கும், போதவே போதாது. வழியைத்தான் பிரிக்க வேண்டும். பிரிட்ஜிலிருந்தும் சென்டர் டேப்பிலிருந்தும் வரும் ஒயர்கள் முதல் கெப்பாசிட்டரின் காலில் முடியட்டும், அந்தக் காலிலிருந்து தனியாக ஒரு ஒயர் புறப்பட்டு ரெகுலேட்டருக்குப் போகட்டும், ரெகுலேட்டரின் வெளிப்பக்கத்து கெப்பாசிட்டரின் காலிலிருந்துதான் ஆடியோ போர்டுக்கு கிரவுண்ட் கிளம்ப வேண்டும். சாக்கடையும் குடிநீரும் ஒரே வாய்க்காலில் போகக்கூடாது, அவ்வளவுதான். ஸ்டார் கிரவுண்ட் என்று சொல்லி எல்லா ஒயரையும் ஒரே போல்டில் கொண்டுவந்து முறுக்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் சார்ஜ் கரண்டின் ஒயரும் அதே போல்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பார்க்க அழகாக இருக்கும், உறுமலும் அப்படியே இருக்கும். என் பெட்டியில் பெரிய மாற்றம் தந்தது இந்த ஒரு ஒயர்தான். கழற்றி அரை அங்குலம் தள்ளிச் சாலிடர் வைத்ததும் ஸ்பெக்ட்ரத்தில் 100, 200, 300இல் இருந்த கம்பங்கள் தரையோடு போய்விட்டன, மிஞ்சியது 50 மட்டும்.

அந்த 50 டிரான்ஸ்ஃபார்மருடையது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற ஒரு அண்ணனிடம் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றச் சொல்லியிருந்தேன். பிரைமரி 230 என்றதும் அவர் கேட்டார்: "உங்க ஏரியாவுல ராத்திரி எவ்ளோ வருதுன்னு மீட்டர் வெச்சுப் பாத்தியா தம்பி?"

"இல்லைங்கண்ணா."

"அம்மாபேட்டைல தறி எல்லாம் நின்னுச்சுன்னா 250 தாண்டும். 230க்குக் கணக்கா சுத்துனா கோர் திணறிடும். சூடாகும், உறுமும். 250க்கே சுத்தித் தர்றேன், செகண்டரியில அதுக்குத் தகுந்த மாதிரி சுத்து சேத்துக்கலாம்."

இதற்குப் பின்னால் இருப்பது சுத்தமான இயற்பியல். ஒரு வோல்டுக்கு எத்தனை சுற்று என்பதுதான் கோரில் காந்தப்புலம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. சுற்று குறைவாக இருந்து வோல்டேஜ் ஏறினால் கோர் நிறைந்துபோய், அதற்கு மேல் கோருக்குள் அடங்காத புலம் வெளியே கசிகிறது. கடைகளில் சுற்றும்போது செம்பை மிச்சம் பிடிக்கப் பலர் சுற்றைக் குறைப்பார்கள், ஆடியோவுக்கு அது ஆகாது. அந்த அண்ணன் இன்னும் இரண்டு விஷயம் செய்து தந்தார், இரண்டும் செப்புத் தகடு, ஆனால் ஒன்றுக்கொன்று நேர் எதிர். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவில் ஒரு சுற்று மெல்லிய செப்புத் தகடு, அதன் இரு முனைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் நடுவில் காகிதம் வைத்து ஒட்டாமல் விட்டார். ஒட்டினால் அது ஷார்ட் ஆன ஒரு சுற்றாகி டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துவிடும். அதை எர்த்தில் இணைத்தால் லைனில் வரும் குப்பை செகண்டரிக்குத் தாவாது. வெளியே, கோரையும் காயிலையும் சேர்த்துச் சுற்றி இன்னொரு அகலமான பட்டை, இதன் முனைகளை மட்டும் நன்றாகச் சாலிடர் வைத்து மூட வேண்டும். கசியும் புலம் இந்தப் பட்டையில் கரண்டைத் தூண்டும், அந்தக் கரண்ட் கசிவுக்கு எதிராக நிற்கும். உள்ளே திறந்திருக்க வேண்டும், வெளியே மூடியிருக்க வேண்டும். அவர் விரலால் தடவிப் பார்த்து இரண்டையும் முடித்த விதம் அப்படியே கண்ணில் நிற்கிறது.

டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்) வாங்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நடுவில் போகும் போல்டின் மேல் முனை பெட்டியின் மூடியைத் தொடவே கூடாது. அடித்தகடு, போல்ட், மூடி, பக்கச் சுவர் எல்லாம் சேர்ந்து ஒரு ஷார்ட் சுற்றாகிவிடும், ஃபியூஸ் போவதோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

டிரான்ஸ்ஃபார்மரை எங்கே வைப்பது என்பதைக் காகிதத்தில் முடிவு செய்யாதீர்கள். 230 வோல்ட் முனைகள் எல்லாவற்றையும் ஸ்லீவ் போட்டு மூடி, ஒரு மரப்பலகையில் திருகி, நீளமான ஒயரோடு பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பலகையை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் ஹம் ஏறும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் இறங்கும், ஒரு இடத்தில் திடீரென்று காணாமல் போகும். அந்த இடம் மிகக் குறுகியது, சில டிகிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனாலும் திரும்ப வந்துவிடும். அந்தக் கோணத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு அப்படியே பெட்டியில் மாட்டுங்கள். தூரமும் உதவும், பெரிய அளவில் உதவும்: கசிவுப் புலம் ஏறக்குறைய தூரத்தின் மும்மடிக்குக் குறைகிறது, தூரத்தை இரட்டிப்பாக்கினால் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம், அது 18 டெசிபெல். இன்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு மூலை, பவர் டிரான்ஸ்ஃபார்மர் எதிர் மூலை. முடிந்தால் பவர் சப்ளையைத் தனிப் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.

பெட்டித் தகடு பற்றிச் சேலத்துக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் எவர்சில்வருக்குப் பஞ்சமில்லை, பெட்டி செய்யவும் நடுவில் தடுப்பு வைக்கவும் கை தானாக அதைத்தான் எடுக்கும். பாத்திரத்துக்குப் போகும் 304 கிரேடு தகட்டில் காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டாத உலோகம் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது, அலுமினியமும் அப்படியே, அது பாட்டுக்கு ஊடுருவிப் போகும். 430 கிரேடு எவர்சில்வரில் காந்தம் ஒட்டும், சாதாரண இரும்புத் தகட்டிலும் ஒட்டும், அவை வேலை செய்யும். தகடு வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். இன்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் மியூமெட்டல் (காந்தப்புலத்தை நன்றாகத் தடுக்கும் உலோகம்) டப்பா கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

இனி 1176க்கே உரிய ஒரு சிக்கல். அசல் பெட்டியில் பவரை நிறுத்துவது முன்பக்கம், மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தான் வரிசையில் ஒன்று. அதாவது 230 வோல்ட் ஒயர் பெட்டியின் பின்னால் இருந்து முன்னால் வரை பயணம் செய்யும். அதே முன்பக்கத்தில்தான் ரிலீஸ் குமிழ் இருக்கிறது, அது 5 மெகா ஓம். இவ்வளவு உயர்ந்த ரெசிஸ்டன்ஸ் இருக்கும் இடத்துக்கு ஒயர் தொட வேண்டிய அவசியமே இல்லை, பக்கத்தில் போனால் போதும். 1 பைக்கோஃபாரட் என்பது இரண்டு ஒயர் அருகருகே போனாலே வந்துவிடுகிற அளவு. அதன் வழியாக 230 வோல்டிலிருந்து கசிவது 72 நானோ ஆம்பியர்தான், ஆனால் ரிலீஸ் நேரத்தைத் தீர்மானிக்கும் டைமிங் கெப்பாசிட்டர் பெரும்பகுதியைக் கிரவுண்டுக்கு இழுத்த பிறகும் எஃப்இடியின் கேட்டில் ஒரு மில்லிவோல்ட் ஆடும். பழைய பெட்டியின் முகத்தை அச்சு அசலாகக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை புரிகிறது, ஆனால் ஸ்விட்சைப் பின்பக்கம், பவர் சாக்கெட்டோடு ஒட்டி வையுங்கள். மீட்டர் விளக்குக்கு ஏசி கொடுக்காமல் டிசி கொடுங்கள். குமிழ்களின் உலோக உடம்பு பெட்டியோடு சேர்ந்து எர்த் ஆகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள், பெயின்ட் அடித்த பேனலில் பல நேரம் ஆகியிருக்காது.

கேட்டில் ஏறும் இந்த ஆட்டத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு, கம்ப்ரஸர் அல்லாத பெட்டிகளில் இதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. யாரும் பாடாதபோது பெட்டி அமைதியாக இருக்கும். பாட ஆரம்பித்ததும் குரலோடு ஒட்டிக்கொண்டு ஒரு நடுக்கம் வரும், நீட்டிப் பிடிக்கிற சுரங்களில் தெளிவாகக் கேட்கும். கேட் வோல்டேஜ் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் ஆடும்போது அழுத்தமும் அதே வேகத்தில் ஏறி இறங்குகிறது, அதுதான் நடுக்கம். இன்புட்டை ஷார்ட் செய்து அளந்தால் இது பிடிபடாது. 1000 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைக் கொடுத்து, கம்ப்ரஸர் அழுத்திக்கொண்டிருக்கும்போது ஸ்பெக்ட்ரம் எடுங்கள். 1000க்கு இரண்டு பக்கமும் 950, 1050இல் காதுகள் முளைத்திருந்தால் 50 ஹெர்ட்ஸ், 900, 1100 என்றால் 100 ஹெர்ட்ஸ். முதலாவதற்குப் பக்கத்தில் போகும் மெயின்ஸ் ஒயரைத் தள்ளுங்கள், இரண்டாவதற்கு மைனஸ் 10 வோல்ட் சப்ளையைப் பாருங்கள். எஃப்இடியின் நிலை வோல்டேஜை அமைக்கும் பயாஸ் டிரிம்மருக்குப் போகும் வழியில் 1 கிலோ ஓம், 100 மைக்ரோஃபாரட் வைத்தால் 100 ஹெர்ட்ஸில் இன்னும் 36 டெசிபெல் அமுங்கும். பயாஸ் எடுக்கும் கரண்ட் சொற்பம் என்பதால் வோல்டேஜ் பெரிதாக இறங்காது, இறங்குகிற கொஞ்சத்தை டிரிம்மரில் சரிசெய்துகொள்ளலாம்.

வெளியே வரும் சாக்கெட்டுகளில் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் சாக்கெட்டின் ஒன்றாம் பின் (கேபிள் ஷீல்ட் சேரும் பின்) போர்டுக்குப் போகக்கூடாது, நேராகப் பெட்டித் தகட்டில் முடிய வேண்டும். கேபிள் ஷீல்டில் வரும் குப்பைக் கரண்டை ஆடியோ கிரவுண்டுக்குள் விடுவதுதான் பல பெட்டிகள் கேபிள் மாட்டியதும் உறுமக் காரணம். 1995இல் நீல் மன்சி என்பவர் ஏஇஎஸ் (ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி) இதழில் இதை விளக்கி எழுதினார், அதிலிருந்து 'பின் 1 பிரச்சினை' என்றே உலகம் சொல்கிறது.

எர்த் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். ஹம் போகிறது என்று மூன்று பின் பிளக்கின் எர்த் காலை உடைத்து வைக்கிற பழக்கம் இன்னும் நிறைய இடத்தில் இருக்கிறது. மேடையிலும் பார்த்திருக்கிறேன். மைக் பிடித்துப் பாடுகிறவரின் உதடு உலோகத்தில் படுகிறது, உள்ளே ஒரு ஒயர் கழன்று தகட்டைத் தொட்டால் அவர் கதி என்ன? கூடவே கூடாது. பச்சை மஞ்சள் ஒயர் பெட்டித் தகட்டில் தனி போல்டில், பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கப்பட வேண்டும், வேறு எதற்கும் அந்த போல்ட் இல்லை. லூப் உடைக்க வேண்டுமென்றால் ஆடியோ கிரவுண்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் 10 ஓம் ரெசிஸ்டரும், அதற்குக் குறுக்கே எதிரெதிர் திசையில் இரண்டு தடிமனான டயோடும் வையுங்கள். பாதுகாப்பும் கெடாது, லூப்பும் அடங்கும். இன்னொன்று, வீட்டு எர்த்தே சரியில்லை என்றால் தகட்டில் டெஸ்டர் வைத்ததும் மினுக்கும், கை வைத்தால் லேசாக உறுத்தும். பவர் சாக்கெட்டில் இருக்கும் ஃபில்டரும் லேப்டாப் சார்ஜரும் எர்த் கிடைக்காமல் தகட்டில் 115 வோல்ட் அளவுக்குத் தேக்கி வைப்பதுதான் அது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள், அதன் பிறகு மற்றதெல்லாம்.

பெட்டி கட்டி முடிந்ததும் ஏற்காட்டில் ஒரு நண்பன் வீட்டு அறைக்குக் கொண்டுபோனேன். தறிச் சத்தம் இல்லாத அறை வேண்டும் என்றால் எங்களுக்கு அதுதான் பக்கம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும். அங்கே மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். இன்வெர்ட்டருக்கு மாறியதும் அமைதியாக இருந்த பெட்டி 'ர்ர்ர்' என்று கத்தியது. சைன் வேவ் தராத மலிவான இன்வெர்ட்டரில் 50இன் ஒற்றைப்படை மடங்குகள், 150, 250, 350 என்று வரிசையாக வரும், அவை டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளுக்கு நடுவில் எளிதாகத் தாவும். இங்கேதான் அந்த அண்ணன் உள்ளே வைத்த செப்புத் தகட்டின் அருமை தெரிந்தது: அதன் ஒயரை எர்த் போல்டில் வைத்தபோதும் எடுத்தபோதும் கேட்ட வித்தியாசம் அவ்வளவு. ஆனாலும் முழுவதும் போகவில்லை, ரெக்கார்டிங்குக்கு சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் சரி. கரண்ட் இருக்கும்போது வந்த இன்னொரு கரகரப்பு மின்விசிறி ரெகுலேட்டர். குமிழைச் சீராகத் திருகுகிற டிரையாக் வகை ரெகுலேட்டர் ஒவ்வொரு அரைச் சுற்றையும் நடுவில் வெட்டுகிறது, அந்த வெட்டு வீட்டு ஒயரிங் முழுக்கப் பரவும். டக் டக் என்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகைக்கு மாற்றினால் தீர்ந்தது, இல்லாவிட்டால் பதிவின்போது விசிறியை நிறுத்திவிடுங்கள், ஏற்காட்டில் விசிறி எதற்கு.

ஏற்காட்டுப் பனிமூட்டம் இன்னொன்றும் காட்டிக்கொடுக்கும். போர்டில் சாலிடர் பசை துடைக்காமல் கிடந்தால் ஈரத்தை இழுத்து 5 மெகா ஓம் இருக்கும் இடத்தில் கசியவிடும், ரிலீஸ் நேரம் தானாக மாறும், 'படபட' என்று பொரியும். ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் போதும்.

ஹம் எல்லாம் போனபிறகு மிஞ்சுவது 'உஸ்ஸ்'. அதில் ஒரு பகுதியை யாராலும் ஒழிக்க முடியாது, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று சும்மா இருந்தாலே கேட்கும் எல்லைக்குள் 1.8 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும், அது வெப்பத்தின் வேலை. சிக்னல் போகும் வழியில் கார்பன் ரெசிஸ்டருக்குப் பதில் மெட்டல் ஃபிலிம் போடுங்கள். ஐசி வைத்த இன்புட் என்றால் டிஎல்072ஐ விட என்இ5532 எவ்வளவோ அமைதி, அதன் இரைச்சல் 18 என்றால் இதன் இரைச்சல் 5 நானோவோல்ட் (ரூட் ஹெர்ட்ஸுக்கு), டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. ஆனால் ஹம்மை விட்டுவிட்டு முதலில் ஐசி மாற்றுவதில் பலன் இல்லை.

அடுத்து இரண்டாவது சேனல். குரலுக்கு ஒன்று, முகவீணையும் ஹார்மோனியமும் சேர்ந்த பக்கத்துக்கு ஒன்று என்று யோசித்திருந்தேன், இப்போது முழு ஜமாவையும் (கூத்துக் குழுவையும்) ஸ்டீரியோவில் எடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இரண்டையும் இணைத்து ஒன்றாக அழுத்த வைக்க, கேட் வோல்டேஜை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக வேண்டும், இரண்டு பெட்டிகளின் கிரவுண்டுக்கு நடுவில் இருக்கும் சின்ன வித்தியாசம்கூட அந்த ஒயர் வழியாக நேராகக் கேட்டில் ஏறும். அதனால் தனித்தனிப் பெட்டி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு போர்டும் ஒரே பெட்டியில், ஒரே சப்ளையில், கிரவுண்ட் ஒரே கெப்பாசிட்டரின் காலில் இருந்து இரண்டாகப் பிரிந்து போகிற மாதிரி. டிரான்ஸ்ஃபார்மர் வெளியே தனி இரும்புப் பெட்டியில். காயில் அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது, இந்த முறை கோர் ஒரு சைஸ் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.